சட்டை போட்ட மீன்

நோரீன் தோரஸ்பி தன் கல்யாண விருந்தில் பரிமாறிய மீனையே பிரித்துப் பார்த்துத்தான் தின்றாள். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். வெள்ளைக் கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள். மேல்மாவை முள்கரண்டியால் ஓரமாக உரித்தாள். சதையை இதழ் இதழாக விலக்கி, ஒரு முள்ளை எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்துவிட்டு மாமியாரை ஏறிட்டுப் பார்த்தாள். விருந்துச் செலவு மாமியாருடையது. அந்தப் பார்வையை அந்த அம்மாள் சாகிறவரைக்கும் மறக்கவில்லை.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பதினாறு வயதில் நாங்கள் இருவரும் ஒரே திங்கட்கிழமை, கிரிம்ஸ்பி துறைமுகத்தை ஒட்டிய மீன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தோம். எங்களை வெளிச்ச மேசையில் நிறுத்தினார்கள். மேசை என்றால் கண்ணாடி; அடியில் விளக்கு. தோல் உரித்த மீன் துண்டை அதன்மேல் வைத்தால் முள், இரத்தக்கட்டு, சுருண்டு கிடக்கிற புழு எல்லாம் நிழலாகத் தெரிந்துவிடும். ஒரு துண்டுக்கு நான்கு நொடி. இருபத்தொன்பது வருஷம் அப்படி நின்றோம். வாசலைத் தாண்டியதும் நான் அதையெல்லாம் மறந்துவிடுவேன். நோரீன் மறந்ததில்லை. காப்பீட்டுக்காரர் நீட்டும் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவாள். முட்டையைப் பார்ப்பாள், மருந்துப் புட்டியைப் பார்ப்பாள், பக்கத்து வீட்டிலிருந்து வந்த கிறிஸ்துமஸ் கேக்கைப் பார்ப்பாள். பக்கத்து வீடு என்னுடையது.

தொழிற்சாலையில் இன்னொன்றையும் கண்ணால் கண்டோம். முழுசாக, அழகாக இருக்கும் துண்டு அப்படியே பெட்டிக்குள் போகும். உடைந்தது, கிழிந்தது, வால்துணுக்கு எல்லாம் அடுத்த வரிசைக்குப் போகும். அங்கே மாவு தோய்த்து உறைய வைப்பார்கள். வெளியே வரும்போது எல்லாமே மாப்பிள்ளை மாதிரி இருக்கும். "சட்டை போட்ட மீன் எதையோ மறைக்குது, லொரேன்" என்பாள் என்னிடம். அதனால் மாவு தோய்த்து உறைய வைத்த மீன் அவள் வீட்டுக்குள் கால் வைத்ததே கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் நானும் அவளும் மூலையில் இருக்கும் ட்ரேசி கடை வரிசையில் நிற்போம். அங்கே கண்ணெதிரே தோய்த்து, கண்ணெதிரே மாட்டுக்கொழுப்பில் போடுகிறார்கள். அதில் நோரீனுக்கு ஓரளவு நம்பிக்கை உண்டு. அந்த மீனையும் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றித்தான் தின்பாள்.

அவள் புருஷன் கீத் நேர் எதிர். குளிர்கிடங்கில் சரக்கு வண்டி ஓட்டியவன். ஓய்வு பெற்ற பிறகு, வீட்டிலிருந்து தள்ளி வாடகைக்கு எடுத்த தோட்டத் துண்டில் லீக்ஸ், அதாவது தடித்த வெங்காயத்தாள், வளர்த்தான். தட்டில் என்ன விழுந்தாலும் தின்பான், யார் என்ன சொன்னாலும் நம்புவான். வெள்ளிக்கிழமை ஹேடாக் மீனுக்காகவே மற்ற ஆறு நாளையும் பொறுத்துக்கொண்டிருந்தவன் என்று சொன்னால் மிகையில்லை. மேல்மாவு நொறுங்கும் சத்தம் கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வான்.

போன அக்டோபரில் அவனுக்கு வந்தது வினை. ஒரு வருஷமாகவே இளைத்துக்கொண்டு வந்தான். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டான். இரத்தம் எடுத்தார்கள், குடலிலிருந்து சதைத் துணுக்கும் எடுத்தார்கள். கடைசியில் சீலியாக் என்றார்கள். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற குளூட்டன் அவன் குடலை அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. இனி ரொட்டி கிடையாது, பீர் கிடையாது, ட்ரேசி கடை மீன் கிடையாது. நர்ஸ் மூன்று பக்கம் பட்டியல் கொடுத்தாள்.

நோரீன் அந்தப் பட்டியலைப் பைபிள் மாதிரி மனப்பாடம் செய்தாள். புது டோஸ்டர் வந்தது. வெண்ணெய் இரண்டாகப் பிரிந்தது. கீத்தின் வெண்ணெய்க்கும் கத்திக்கும் பலகைக்கும் சிவப்பு நாடா ஒட்டினாள். ட்ரேசி கடையில் விரல் பருமனுக்கு நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்குச் சிப்ஸ் வாங்கும்போது உதிரி கேட்பது எங்கள் வழக்கம். மீன் பொரியும்போது உதிர்ந்து மிதக்கும் மாவுத்துணுக்குகளைச் சும்மாவே அள்ளிப் போடுவாள் ட்ரேசி. அதையும் நோரீன் நிறுத்திவிட்டாள்.

"உதிரி வேணாம் ட்ரேசி. வீட்ல கீத்துக்கு ஆகாது."

"உன்ன மாதிரி ஒருத்தி கெடைக்க அந்த மனுஷன் குடுத்து வெச்சிருக்கணும், கண்ணு" என்றாள் ட்ரேசி. நோரீனுக்கு ஒரு சாண் உயரம் கூடியது. சிப்ஸ் பொட்டலத்தைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு நடந்தாள்.

ஆனால் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக இல்லை. வெறும் மீனை வாட்டி, சிப்ஸும் மசித்த பட்டாணியும் பக்கத்தில் வைத்துக் கொடுத்தால், கீத் ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி அதைப் பார்ப்பான். சிப்ஸில் நாலைக் கொறித்துவிட்டு வைத்துவிடுவான். குறை சொல்ல மாட்டான். "நல்லாருக்கு" என்பான். அந்த "நல்லாருக்கு"தான் நோரீனை அறுத்தது.

நவம்பரில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். போனேன். சமையலறை மேசைமேல் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. குளூட்டன் இல்லாத, மாவு தோய்த்து உறைய வைத்த ஹேடாக், இரண்டு துண்டு. மார்பில் கை கட்டிக்கொண்டு, போலீஸ்காரன் திருடனைப் பார்ப்பதுபோல நோரீன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கிட்டியா?" என்றேன்.

"வாங்கினேன். நம்பிட்டேன்னு சொல்லல."

"என்ன போட்டிருக்கான்?"

மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தாள். "அரிசி மாவு. கடலை மாவு. சோள மாவு. கோதுமையே இல்லாம இது எப்படி மீன்ல ஒட்டும்? பசை கிசை போட்டிருப்பானோ?"

வாசலில் நின்ற கீத், "நோரீன், அது மீனு. குத்தவாளி இல்ல" என்றான்.

"நீ சும்மாயிரு. நாப்பத்தோரு வருஷமா நீ எதையாச்சும் பாத்துத் தின்னுருக்கியா?"

உறைந்தபடியே ஓவனில் வைக்க வேண்டும் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நோரீன் அதைப் படித்தாள். படித்துவிட்டு, "உள்ள என்ன இருக்குன்னு பாக்க விடாம பண்றதுக்குத்தான் இப்படிப் போடுறான்" என்று சொல்லி, இரண்டு துண்டையும் தட்டில் வைத்து இளக விட்டாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரு துண்டைத் தூக்கி, டார்ச்சை அடியிலிருந்து அடித்துப் பார்த்தாள். மாவு வழியாக வெளிச்சம் வருமா? வரவில்லை. சட்டையைக் கழற்றினாள். ஈரக் காகிதம்போல நழுவி வந்தது. தராசில் மீனைத் தனியாக நிறுத்தாள், மாவைத் தனியாக நிறுத்தாள். மீனைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தாள். நானும் பழக்கதோஷத்தில் எட்டிப் பார்த்தேன். முள் இல்லை. புழு இல்லை. முழுத் துண்டு, ஒட்டுப் போட்டது இல்லை. சந்தேகப்பட எதுவுமே அகப்படாததில்தான் அவளுக்குச் சந்தேகம் அதிகமாயிற்று.

கழற்றிய மாவைத் திரும்பப் போர்த்தி ஓவனில் வைத்தாள். வெளியே வந்தது கஞ்சி. கீத் தின்றான். "நல்லாருக்கு" என்றான்.

அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு பெட்டி வாங்கினாள். இந்த முறை நான் டார்ச்சை ஒளித்துவைத்தேன். நாங்கள் சிப்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பும் நேரத்துக்கு, சொன்னபடி இருபத்தைந்து நிமிடம் ஓவனில் வெந்து, அது பொன்னிறமாக உட்கார்ந்திருந்தது. கீத் கத்தியை வைத்தான். நொறுங்கியது. அந்தச் சத்தம் என் நாற்காலி வரை கேட்டது. கீத் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. மிளகுத்தூள் என்று சொல்லிக்கொண்டான். ட்ரேசி கடைச் சிப்ஸைக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து அதோடு சேர்த்துத் தின்று தீர்த்தான்.

"நீ ஒரு வாய் பாரேன்" என்று அவள் பக்கம் முள்கரண்டியை நீட்டினான்.

"ஒரு மாசம் போகட்டும். நீ உசுரோட இருக்கியான்னு பாத்துட்டுத் தின்றேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். சனிக்கிழமை காலை அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான்.

அடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். "பாத்தியா? பாத்தியா?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே என்னிடம் கத்தினாள். பெட்டிக்கு மேல் பழி விழுந்தது. தயாரித்த கம்பெனிக்கு நான்கு பக்கம் எழுதினாள். இருபத்தொன்பது வருஷம் வெளிச்ச மேசையில் நின்றவள் என்பதை முதல் வரியிலேயே போட்டாள். அவர்கள் மரியாதையாகப் பதில் போட்டு, பரிசோதனைச் சான்றிதழும் வைத்து, இரண்டு பெட்டி இலவசம் என்று சீட்டு அனுப்பினார்கள். "குத்தம் இல்லன்னா எதுக்கு ஓசி குடுக்கணும்?" என்றாள். சீட்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

ஆனால் கீத் அந்த மீனை விடவில்லை. சனிக்கிழமை வலித்தாலும் பரவாயில்லை என்றான். குடல் ஆற நாளாகும் என்று நர்ஸ் சொன்னதைப் பிடித்துக்கொண்டான். மார்ச்சில் மறுபடி இரத்தம் எடுத்தார்கள். இரத்தத்தில் நோயைக் காட்டும் எண் இறங்கவேயில்லை. எடை இன்னும் மூன்று கிலோ குறைந்திருந்தது.

நர்ஸ் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறாள். "எங்கயோ உள்ள போயிட்டிருக்கு. எங்கன்னு கண்டுபிடிங்க. ஜூன்லயும் இப்படியே இருந்தா திரும்பக் குழாய் விட்டுப் பாக்கணும். அப்ப நாம தேடுறது வேற, இதவிடப் பெரிசு."

பெரிசு என்றால் என்ன என்று இருவரும் கேட்கவில்லை.  அன்றைக்கு நோரீன் என் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"ஒண்ணு கேக்கறேன். உண்மையச் சொல்லு. நான் இல்லாதப்ப அவனுக்கு பிஸ்கட் குடுத்தியா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போடி இவளே! ஐம்பது வருஷமா பக்கத்துல நின்னவளப் பாத்துக் கேக்கற கேள்வியா இது?"

"குடுத்தியா இல்லையா?"

கதவைச் சாத்தினேன். இரண்டு வாரம் பேசவில்லை. வெள்ளிக்கிழமை வரிசையில் எனக்கு முன்னால் மூன்று பேர் தள்ளி அவள் நின்றாள்; உதிரி வேண்டாம் என்று அவள் சொன்னது கேட்டது; திரும்பிப் பார்க்காமல் போனாள். எனக்குக் கோபம் ஒரு பங்கு என்றால் வருத்தம் ஒன்பது பங்கு. அவள் சந்தேகப்படுவது எனக்குப் பழகியதுதான். என்னையும் அந்தக் கண்ணாடிமேல் போட்டுப் பார்ப்பாள் என்று நினைக்கவில்லை.

அடுத்தது கீத்தின் முறை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அவன் போகிற வருகிற வழியெல்லாம் பார்த்தாள். கோட்டைத் துழாவினாள். உள்பையில் ஐந்தாறு மரமுள் இருந்தது. சிப்ஸ் தின்ன ட்ரேசி கடையில் பொட்டலத்தோடு போடுகிற சின்ன மர முள்கரண்டியை அப்படித்தான் சொல்வோம். ஒன்றில் கறை.

அந்தச் சண்டை சுவரைத் தாண்டி என் சமையலறைக்கு முழுசாக வந்தது. காதைப் பொத்திக்கொள்ளவில்லை, அந்த அளவுக்கு நான் நல்லவள் இல்லை.

"எப்ப போய்த் தின்ன? சொல்லு!"

"தின்னல, நோரீன். அது தோட்டத்துக்கு. லீக்ஸ் வரிசைக்குப் பேர் எழுதிக் குத்தி வெக்க. நீ தூக்கிப் போடறதத்தான் எடுத்து வெச்சுக்கறேன்."

"சிகரெட்ட விட்டுட்டேன்னு ஏழு வருஷம் ஏமாத்தினவன்தானே நீ?"

 பிறகு கீத் மெதுவாகப் பேசினான். அவன் குரல் அவ்வளவு சிறுத்து நான் கேட்டதில்லை.

"ஆமா. அதுல பொய் சொன்னேன். இதுல சொல்லல. சாகப் பயமா இருக்கு, நோரீன். சாகப் பயப்படறவன் எதுக்கு ஒளிஞ்சு தின்னப் போறான்?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. மறுபடி கீத்தான் பேசினான்.

"சரி. இப்படிப் பண்ணு. மூணு வாரம் நான் வாசலத் தாண்டல. தோட்டத்துக்கும் போகல. அந்த மீனையும் நிறுத்திடு. நீ உன் கையால என்ன வெக்கிறியோ அத மட்டும் தின்றேன். அப்புறம் சொல்லு."

சொன்னபடி செய்தான். நோரீன் கடைக்குப் போகும் நேரத்தில் காவலுக்கு ஆள் வேண்டுமே? என்னிடம்தான் வந்தாள். மன்னிப்பு என்று வார்த்தையாகக் கேட்கவில்லை; ஒரு பொட்டலம் பிஸ்கட்டைக் கையில் கொடுத்து, "இது நீ தின்ன" என்றாள். வாங்கிக்கொண்டேன். கீத்தின் எதிரே உட்கார்ந்து சீட்டாடினேன். சட்டைக் கழுத்துப்பட்டைக்குள் அவன் கழுத்து தனியாக நின்றது. லீக்ஸ் நாற்றெல்லாம் என்ன ஆயிற்றோ என்பான். நர்ஸ் சொன்ன பெரிய விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 

முதல் இரண்டு வெள்ளிக்கிழமை மீனுக்குப் பதில் முட்டை. சிப்ஸ், மசித்த பட்டாணி. இரண்டு சனிக்கிழமையும் வலி. மூன்றாவது வெள்ளிக்கிழமையும் முட்டை, சிப்ஸ், பட்டாணி. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நோரீன் என் வீட்டுக்கு வந்து நாற்காலியில் விழுந்தாள்.

"விடிகாலை நாலு மணிலேர்ந்து வலி" என்றாள். "மீன் இல்ல. அவனும் இல்ல. நீயும் இல்ல."

"நல்லவேளை, என்னையும் விடுதலை பண்ணிட்ட."

அவள் சிரிக்கவில்லை. "வேற யாரு லொரேன்? வேற என்ன? டோஸ்டர் புதுசு. கத்தி தனி. உப்பக்கூட மாத்திட்டேன்."

நான் காலைச் சாப்பாட்டுக்கு அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் மிஞ்சின சிப்ஸைச் சூடு பண்ணி ரொட்டிக்குள் வைத்துத் தின்பது என் சனிக்கிழமை வழக்கம். காகிதப் பொட்டலம் மேசைமேல் திறந்து கிடந்தது. நான் காவலுக்கு இருந்தபோது, நோரீன் கீத்துக்கும் எனக்கும் ஒரே சட்டியிலிருந்து வாங்கி வந்தது. நோரீன் யோசனையில் இருந்தாள். கை மட்டும் அதன் பாட்டுக்குக் கோட்டுப்பையிலிருந்து டார்ச்சை எடுத்தது. எதிரே என்ன கிடந்தாலும் வெளிச்சம் அடித்துப் பார்ப்பது அந்தக் கையின் குணம். சிப்ஸ்மேல் அடித்தாள்.

இரண்டு சிப்ஸுக்கு நடுவே நகம் அளவுக்கு ஒரு மாவுத்துணுக்கு, பொன்னிறமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது என்னது?"

"உதிரி. என் அதிர்ஷ்டம். குடு இங்க."

"நான் நேத்து உதிரி கேக்கலையே."

"கேக்கலைன்னா என்ன? சட்டியில மெதக்கறது சிப்ஸோட வரத்தானே செய்யும்? மீனும் சிப்ஸும் எல்லாம் ஒரே கொழு..."



அடுப்பை அணைத்தேன். நோரீன் டார்ச்சை அணைக்கவில்லை. அந்தத் துணுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸின் பட்டியலில் இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது: கடையில் பொரித்தது எதுவானாலும் தனிச் சட்டியா என்று கேட்கவும். நானும் படித்தேன், அவளும் படித்தாள். மீனைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தோம். சிப்ஸ் உருளைக்கிழங்குதானே? எங்கள் ஊரில் சிப்ஸைப் பற்றி யார் கேள்வி கேட்பார்கள்? பிறந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை என்றால் சிப்ஸ், சிப்ஸ் என்றால் ட்ரேசி, ட்ரேசிக்கு முன் ட்ரேசியின் அப்பா. கோதுமை மாவு தோய்த்த நூறு மீன் நீந்திய அதே கொழுப்பில் வெந்ததை, மாவு கலந்துவிடக் கூடாது என்று உதிரியை மட்டும் மறுத்துவிட்டு, கோட்டுக்குள் அணைத்துக் கொண்டுவந்து வாரம் தவறாமல் கொடுத்திருக்கிறாள் நோரீன். வெறும் மீன் நாளில் நாலைக் கொறித்தவன், அந்தப் பெட்டி மீன் வந்த பிறகு சிப்ஸை அள்ளித் தின்றிருக்கிறான். விளக்குக்குக் கீழேதான் இருட்டு என்பார்கள். எங்கள் மேசையில் விளக்கே கீழேதான் இருந்தது. அப்படியும் இருட்டு எங்கோ ஒளிந்துகொண்டது.

"பெட்டியத் திட்டினேன்" என்றாள் நோரீன். "உன்னத் திட்டினேன். அவன... அவன் கோட்டுப்பையத் தொழாவினேன்."

"நோரீன்..."

"என் கையால, லொரேன். என் கையால மட்டும் தின்றேன்னு சொன்னான்."

நான் அவள் தோளைப் பிடிக்கப் போனேன். அவள் எழுந்துவிட்டாள். பின்னாலேயே போனேன். கீத் சுடுதண்ணீர்ப் பையை வயிற்றில் வைத்துக்கொண்டு சோபாவில் படுத்திருந்தான். அவன் கால்மாட்டில், கோட்டைக்கூடக் கழற்றாமல் நோரீன் நின்றாள்.

"கண்டுபிடிச்சிட்டேன்" என்றாள். "நான்தான்."

"என்ன நீதான்?"

"சிப்ஸு. ஒரே கொழுப்பு. ஆறு மாசமா நான்தான் உனக்கு விஷம் வெச்சிருக்கேன்."

கீத் அதை மெல்ல உள்ளே வாங்கிக்கொண்டான். அவனுக்கு எதுவும் கொஞ்சம் நேரம் எடுக்கும். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நியாயம் என்றும் நினைத்தேன். அவன் ஒரு முழங்கையை ஊன்றி எழுந்தான்.

"அப்ப அந்த மீனு?"

"மீனு நல்ல மீனு. அது எந்தத் தப்பும் பண்ணல."

"நான் சொன்னேன்ல, அது குத்தவாளி இல்லன்னு?" என்று சிரித்தான். சிரித்தால் வயிறு வலித்தது, வலித்ததும் நிறுத்தினான், நிறுத்திவிட்டு மறுபடி சிரித்தான். நோரீன் சிரிக்கவில்லை. சோபா ஓரத்தில் உட்கார்ந்து, நான் அவளைத் தெரிந்த இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, ஓவென்று அழுதாள். நான் தேநீர் போடுகிற சாக்கில் சமையலறைக்குப் போய்விட்டேன்.

அன்று மத்தியானம் அவள் தனியாகக் கீத்தின் தோட்டத் துண்டுக்கு நடந்து போனாளாம். அதுவரை அவள் அங்கே போனதே இல்லை. வாடிய லீக்ஸ் நாற்று வரிசை வரிசையாக நின்றதாம். ஒவ்வொரு வரிசையின் தலைப்பிலும் ஒரு மரமுள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் பெயர், நட்ட தேதி. எண்ணிப் பார்த்தாளாம், பதினேழு. தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள்.

எண் ஜூனில் பாதிக்குக் கீழே இறங்கியது. பெல்ட்டில் அவன் போட்ட புது ஓட்டை இப்போது சும்மா கிடக்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. எண் இறங்குமா என்று யாருக்கும் தெரியாமல் இருந்தபோது வந்த வெள்ளிக்கிழமையைச் சொல்ல வந்தேன். ட்ரேசி கடைச் சிப்ஸை நிறுத்திய பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை.

அன்று கீத்தான் சமைத்தான். நோரீனைச் சமையலறைக்குள் விடவில்லை. கம்பெனி அனுப்பிய இலவசச் சீட்டுக்கு இரண்டு பெட்டி வாங்கியிருந்தான். உருளைக்கிழங்கைத் தானே கோணல்மாணலாக நறுக்கி, அதையும் ஓவனில் வைத்தான். மூன்று தட்டு. இந்த முறை நோரீனின் தட்டிலும் மீன்.

அவள் கத்தியையும் முள்கரண்டியையும் எடுத்தாள். நானும் கீத்தும் மூச்சு விடாமல் பார்த்தோம். வழக்கமாகக் கத்தி அந்த ஓரத்தில் நுழையும், சட்டை ஒரே உரியாகக் கழன்று வரும். பிறகு இதழ் இதழாக விசாரணை நடக்கும். அன்று கத்தி நடுவில் இறங்கியது. நொறுங்கியது. மாவும் மீனுமாக ஒரு பெரிய துண்டை வெட்டி, பார்க்காமல், வாயில் போட்டுக்கொண்டாள்.

கீத்தால் தாங்க முடியவில்லை. "என்ன நோரீன், முள்ளு பாக்கலையா?"

மென்றுகொண்டே கேட்டாள். "நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த துண்டை வெட்டினாள்.